கால் தளர்ந்தால் காலந்தாழ்த்தலாகாது

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சா என எண்ண வேண்டா. கல்வி பட்டத்திற்கு மட்டுமன்று. உயிர் காக்கும் நேரத்தை அறிவதற்குமாம்.

நேற்றுவரை மூட்டை சுமந்தவர் இன்று எழுந்து நிற்க இயலாமல் தவிக்கிறார். பாதங்கள் மரத்து, இரு கால்களும் வலுவிழந்து, சில நாட்களில் தளர்ச்சி கைகளுக்கும் ஏறுகிறது. பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தையே திடீரெனத் தாக்கும். இதுவோ இரு பக்கமும் கீழிருந்து மேலேறும். 1916ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் மூவர் இதனை விளக்கி எழுதினர். அவர்களுள் இருவர் பெயரால் இது கில்லன்-பாரே நோய் எனப்படுகிறது.

இது பேயின் வேலையன்று, சாபமுமன்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து சில நாட்களோ வாரங்களோ கழிந்தபின், கிருமியை எதிர்த்த உடலின் காவற்படையே வழிதவறி நரம்புகளைத் தாக்குகிறது. 2025 சனவரியில் புனேயில் பலர் ஒருங்கே இந்நோய்க்கு ஆளானபோது குடிநீர் மாசின்மீதே ஐயம் எழுந்தது. நம் தெருவுக்குத் தூய நீர் கேட்பது சலுகையன்று, உயிருரிமை.

மருத்துவர் முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டுவார். இயல்பாக எழும் அசைவு குன்றியிருக்கும். நரம்புகளின் மின்னோட்டத்தையும் முதுகுத்தண்டு நீரையும் சோதிப்பார். தண்டு நீர் எடுத்தால் கால் முடங்கும் என அஞ்சி மறுப்போர் நம்மில் உளர். கால்களைத் தளர்த்துவது நோயேயன்றிச் சோதனையன்று.

இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தை ஐந்து நாட்கள் இரத்தக் குழாய் வழியே செலுத்துவர். அல்லது பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை செய்வர். இரண்டும் ஒத்த பயன் தருவன. தளர்ச்சி கண்ட இரு வாரங்களுக்குள் தொடங்குவது நலம். ஸ்டீராய்டு மாத்திரைகள் இந்நோயைத் தீர்ப்பதில்லை. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மூச்சுத் தசைகளும் தளர்வதால் செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படும்.

மருந்தோ விலை மிகுந்தது. ஆகவே கடனுக்கு அலைந்து நாளைக் கழிக்காமல், 108 ஊர்தியை அழைத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்க. காப்பீட்டு அட்டையையும் உடன் கொள்க. உரிய சிகிச்சையும் உடற்பயிற்சியும் பெற்றோருள் பெரும்பாலோர் சில மாதங்களில் மீண்டும் நடக்கின்றனர்.

"இன்று கூலி போய்விடும், நாளை பார்ப்போம்" என்பதே நம்மவர் வழக்கம். மூச்சுத் தசைகள் அந்த நாளைக்காகக் காத்திரா. படித்த இளைஞர் ஒவ்வொருவரும் தம் தெருவில் இச்செய்தியைச் சொல்லவேண்டுமெனக் கேட்டு அமைகிறோம்.