மிகையாய் வந்த சம்பளம்



கல்கத்தாவுக்கும் சம்பளக் கணக்குக்கும் நெடுநாளைய உறவு உண்டு. 1907ஆம் ஆண்டில் சி. வி. இராமன் இந்நகருக்கு வந்து சேர்ந்தது விஞ்ஞானப் பேராசிரியராக அன்று. நிதி இலாகாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகவே வந்தார். அவருக்குப் பின்னரும் நம்மவர் பலர் இங்குள்ள கணக்காய்வு அலுவலகங்களிலும், கார்டன் ரீச்சிலுள்ள இரயில்வே தலைமையகத்திலும் பணிபுரிந்து, லேக் மார்க்கெட்டின் அண்டையில் குடியிருந்து, ஓய்வும் பெற்றிருக்கின்றனர். ஆதலின் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கேட்போர் பலருக்கு அயலானதன்று. சர்க்கார் தன் பிழையால் மிகுதியாகக் கொடுத்துவிட்ட சம்பளத்தைத் திரும்ப வாங்கலாமா, விட்டுவிடலாமா என்பதே அது.

பிழை நேரும் விதம் மிக எளியது. ஊதிய உயர்வு ஒன்று ஒரு முறைக்கு இரு முறை பதிவாகிவிடும். அல்லது பதவி உயர்வின்போது சம்பளத்தை ஒரு படி மேலே நிர்ணயித்துவிடுவார்கள். அடிப்படைச் சம்பளத்தில் மாதம் 400 ரூபாய் கூடிற்று என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் அதை உணர்வதில்லை. பட்டியலில் கண்டதைப் பெற்று, வாடகையும் பள்ளிக் கட்டணமும் செலுத்தி, மாதக் கடைசியில் வெறுங்கையராய் நிற்கிறார். பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின், ஓய்வூதியக் காகிதங்களைத் தயாரிக்கும் வேளையில், யாரோ ஒருவர் சேவைப் பதிவேட்டைப் புரட்டிப் பிழையைக் கண்டுபிடிக்கிறார். அகவிலைப்படியைச் சேர்க்காமலே தொகை 72,000 ரூபாய் ஆகிவிடுகிறது. பணிக்கொடையில் கை வைக்கிறார்கள்.

இத்தகைய நெடுந்தூரத் தேடலை விதியே விரும்பவில்லை என்பதை இங்குச் சொல்லவேண்டும். ஓய்வு பெறுவோரின் சம்பளம் சரிதானா என்பதை, ஓய்வுக்கு முந்திய 24 மாதங்களுக்கு மட்டுமே சரிபார்க்கலாம், அதற்கு முன்னே போகலாகாது என்று 1972ஆம் ஆண்டு மத்திய அரசு ஓய்வூதிய விதிகள் வகுத்திருந்தன. விதி ஒரு பக்கம் இருக்க, அலுவலகப் பழக்கம் வேறு பக்கம் போயிற்று.

நீதிமன்றங்களும் தொடக்கத்தில் ஒரே குரலில் பேசவில்லை. 1973 முதல் உயர்ந்த விகிதத்தில் சம்பளம் பெற்ற மருந்தாளர்களிடம் அதைத் திரும்பக் கேட்பது நியாயமன்று என்று 1994இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2012இல் உத்தரகண்ட் வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம், இது வரி செலுத்தும் மக்களின் பணம், பெற்றவர் குற்றமற்றவராயினும் மிகையை மீட்பதே பொது விதி என்றது. இரண்டாவது கருத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. மூட்டை சுமக்கும் தொழிலாளி வாங்கும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. அதிலிருந்து வந்த காசை உரிமையின்றி ஒருவர் வைத்துக்கொள்வானேன்?

2014 டிசம்பர் 18ஆம் நாள் வந்த ரஃபீக் மசீஹ் வழக்கின் தீர்ப்பு இதற்கு ஒரு வரம்பு கட்டிற்று. வழக்கின் தலைப்பிலேயே வெள்ளையடிப்பவர் என்ற தொழிற்பெயர் நிற்கிறது. சட்டப் புத்தகத்தில் ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்த அரிய இடம் அது! மூன்றாம், நான்காம் வகுப்புச் சிப்பந்திகளிடம் மீட்கலாகாது. ஓய்வு பெற்றவரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமும் கூடாது. ஐந்தாண்டுக்கு மேலாகக் கொடுத்து வந்ததைக் கேட்கலாகாது. உயர்ந்த பதவியின் வேலையைத் தவறாக வாங்கிக்கொண்டு அதற்குரிய சம்பளம் கொடுத்திருந்தால் அதையும் கேட்கலாகாது. இவற்றில் அடங்காவிடினும், மீட்பது பெருங்கொடுமையாய் முடியும் என்று நீதிமன்றம் கருதினால் அங்கும் விலக்கு உண்டு. நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் அரசியலமைப்பின் 98, 187ஆம் பிரிவுகளின்படி தனிச் செயலகங்கள் உண்டு. அங்குள்ள குமாஸ்தாவுக்கும் இந்த வரம்பு பொதுவே.

மொழிபெயர்ப்பால் வயிறு வளர்க்கும் நமக்கு இதில் ஒரு சொல் இடறுகிறது. இந்தியில் இதை மாஃபி என்பர்; வங்காளிகள் மகுப் என்பர்; நம் நாட்டு ரெவினியூ இலாகாவில் வஜா என்று ஒரு பழஞ்சொல் உண்டு. தமிழில் மன்னிப்பு என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். பிழை செய்தது சர்க்கார். பிழைக்கு மன்னிப்புப் பெறுபவர் சிப்பந்தியா? தள்ளுபடி என்பதே பொருந்தும். ஆனால் அதைச் சிப்பந்தியின் உரிமை என்றும் நீதிமன்றங்கள் சொல்லவில்லை. அவர் படக்கூடிய துன்பத்தை எண்ணி, நியாய உணர்வால் அளிக்கும் நிவாரணம் என்றே சொல்லியிருக்கின்றன.

பிழை வேறு, வஞ்சனை வேறு. இதைக் கல்கத்தாவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியர், ஊழியர் நியமனங்கள் 25,753ஐ 2024 ஏப்ரலில் கல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 2025 ஏப்ரல் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட செய்திகள். முறைகேட்டால் வேலை பெற்றவர் என்று அடையாளம் காணப்பட்டோர் வாங்கிய சம்பளத்தைத் திருப்பவேண்டும். மற்றவர் வேலையை இழந்தாலும் சம்பளத்தைத் திருப்பவேண்டியதில்லை என்றது தீர்ப்பு. உழைத்துப் பெற்ற கூலியைக் குற்றமற்றவரிடமிருந்து பிடுங்கலாகாது என்பது அங்கும் நின்றது. மறுநாளே, ஒடிசா மாநிலத்தில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராய் இருந்து ஓய்வு பெற்றோரிடம் மிகைத்தொகை கேட்ட ஆணையையும் உச்ச நீதிமன்றம் நீக்கிற்று.

2014இலேயே வரம்பு கட்டியபின், 2025இல் ஓய்வு பெற்ற முதியவர்கள் டெல்லி வரை வழக்காடுவானேன்? மத்திய அரசு அந்த வரம்பை 2016 மார்ச் 2ஆம் நாள் குறிப்பாணையால் ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால் தள்ளுபடி செய்வதற்குச் செலவினத் துறையின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்றும் அதில் ஒரு வரி உண்டு. பிடித்தம் செய்ய உள்ளூர்க் கையெழுத்துப் போதும். விட்டுவிட டெல்லிக்குக் கோப்பு போகவேண்டும். கீழதிகாரி எவ்வழியைத் தேர்வார்? இந்த ஏற்பாடு நமக்குச் சரியாகப் படவில்லை. சிறு தொகைகளையேனும் துறைத் தலைவரே தள்ளிவிடும்படி அதிகாரம் தருவது நலம்.

இன்னொன்றும் உண்டு. 2016இல் புதுச் சம்பள விகிதத்தை ஏற்ற மத்திய அரசு ஊழியர், தவறாக நிர்ணயித்திருந்தால் மிகையைத் திருப்பித் தருவேன் என்ற உறுதிமொழியிலும் கையொப்பமிட்டனர். பலர் அதைப் படித்திரார். ஆனால் அவ்வாண்டு ஜூலையில், அத்தகைய உறுதிமொழி தந்த நீதித்துறை அதிகாரி ஒருவர் அதற்குக் கட்டுப்பட்டவரே என்று தீர்ப்பாகி, தொகையைத் தவணைகளில் பெற உத்தரவாயிற்று. எட்டாவது ஊதியக் குழு 2025இல் அமைந்தது. அதன் வழியே புதுச் சம்பளம் வரும்போது அந்தத் தாளும் நம் மேசைக்கு வரக்கூடும். கையொப்பமிடும் அன்றே சம்பள நிர்ணயப் பட்டியலின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். ஐயம் தோன்றினால் எழுத்தில் வினவி, அக்கடிதத்தின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.