தாடை எலும்பின் முதல் பிடிப்பு

பல் விழுந்த இடத்தில் இம்பிளாண்ட் வைக்க வருகிறவர்கள் என்ன செலவாகும், வலிக்குமா, எத்தனை நாளில் முடியும் என்றெல்லாம் கேட்கிறார்கள். என் எலும்பு எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். பல் மருத்துவனான எனக்கு அதுதான் முதல் கேள்வி.

இம்பிளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் பொருத்தும் சின்ன டைட்டானியத் திருகு. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை 1950களில் முயல்களின் கால் எலும்பில் கண்டவர் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965இல் முதல் மனித நோயாளிக்கு அவர் இம்பிளாண்ட் வைத்தார். அப்படி ஒட்டி வளர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை திருகைத் தாங்குவது, சுற்றியுள்ள எலும்பு அதை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பு மட்டுமே. அது தளர்ந்து, திருகு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அசைந்துகொண்டே இருந்தால், சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடக்கூடும். பிறகு அந்தத் திருகு நிற்காது.

எல்லோருக்கும் எலும்பு ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரே வாயிலேயே இடத்துக்கு இடம் மாறும். 1985இல் லெக்ஹோம், சார்ப் இருவரும் தாடை எலும்பை நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை முழுக்கக் கெட்டி. நான்காவது வகையில் மேலே மெல்லிய ஓடு, உள்ளே பஞ்சுபோன்ற எலும்பு. கார்ல் மிஷ் என்ற அமெரிக்க மருத்துவர் துளையிடும்போது கை உணர்வதை வைத்தே பிரித்தார்: ஓக் மரம், பைன் மரம், பால்சா மரம், கடைசியில் தெர்மாகோல்.

இந்தக் கை உணர்வு எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நேயர்களே. கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் டிரில் மெதுவாகத்தான் இறங்கும், கை எதிர்ப்பை உணரும். அங்கே சூடுதான் கவலை. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே கெடும் என்பதால், உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே நிறுத்தி நிறுத்தித் துளையிடுவோம். மேல்தாடையின் பின்பக்கமோ நேர்மாறு. ஓட்டைத் தாண்டியதும் டிரில் சட்டென்று உள்ளே போய்விடும். அப்போது திட்டத்தையே மாற்றுவேன். திருகின் அகலத்தைவிடத் துளையைச் சிறிதாக நிறுத்திக்கொள்வேன். திருகு நுழையும்போது எலும்பை நெருக்கிக்கொண்டு இறங்கும், பிடிப்பு கூடும்.

ஒரு பாட்டியம்மாவுக்கு மேல் கடைவாயில் வைத்தேன். பேரன் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. "பக்கத்து வீட்டம்மாவுக்கு அன்னிக்கே பல்லு கட்டிட்டாங்களே, எனக்கு மட்டும் ஏன் டாக்டர் காக்க வைக்கிறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த அம்மாவுக்கு வைத்தது கீழ்த்தாடையின் முன்பக்கம், கெட்டியான எலும்பு. திருகை இறுக்கும்போது முறுக்குவிசை 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்கு வந்தால், மற்றவையும் சரியாக இருந்தால், அன்றே தற்காலிகப் பல் வைப்பதை யோசிக்கலாம். பாட்டியம்மாவுக்கு அந்த அளவு வரவில்லை. "எலும்பு கூடட்டும்மா" என்றேன். கழற்றி மாட்டும் பல்லோடு கல்யாணத்துக்குப் போய்வந்தார். ஆறு மாதம் கழித்து நிலையான பல் கட்டினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதல் நாளில் இறுக்கமாக இருக்கும் திருகு மூன்று, நான்கு வாரத்தில் கொஞ்சம் தளரும். பழைய எலும்பு கரைந்து புதியது உருவாகும் காலம் அது. வலி இல்லையே என்று அப்போது முறுக்கும் கடலைமிட்டாயும் கடித்துவிடாதீர்கள்!

நேரம் குறைவு. புகைப்பதையும் சர்க்கரை நோயையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்கேன் எடுத்தபின், என் எலும்பு எந்த வகை என்று நீங்களே கேளுங்கள். காத்திருக்கச் சொன்னால், தயவுசெய்து காத்திருங்கள்.