ஒரு நோய், பல சுவடுகள்



கல்லீரலில் ஊறும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய்களுக்குப் பித்தநாளங்கள் என்று பெயர். இந்நாளங்களில் தோன்றும் புற்றுநோய் உலகின் பெரும்பகுதியில் அரிது. ஆயின் தாய்லாந்தின் வடகிழக்கே, கோன்கேன் முதலிய பகுதிகளில், உழவர் பலரின் உயிரை அது கவர்ந்து வருகிறது. காரணம் யாது?

விடை ஆற்று மீனில் இருக்கிறது. நான் பிறந்த திட்டக்குடியில் வெள்ளாற்று மீனைப் புளிக்குழம்பில் கொதிக்க வைத்தே உண்போம். கோன்கேன் பகுதியிலோ கெண்டையின மீன்களைப் பச்சையாகக் கொத்தி உண்ணும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அம்மீனில் உறையும் ஈரற்புழுவின் இளவுயிர், உண்டவரின் பித்தநாளத்தில் குடியேறி ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. நாளத்தின் சுவர் ஓயாது புண்படுகிறது. புண்ணை ஆற்ற உயிரணுக்கள் மீண்டும் மீண்டும் பிரிகின்றன. பிரியுந்தோறும் மரபணுவில் பிழை நேர வாய்ப்புண்டு. 1994-ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இப்புழு மனிதருக்குப் புற்றுநோய் தருவது என வகுத்துரைத்தது.

2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் திரட்டிய 209 பித்தநாளக் கட்டிகளின் மரபணுக்களை ஒப்பிட்டது. புழுவினால் வந்த கட்டிகளில், உயிரணுவின் காவலன் எனத்தக்க டி.பி.53 என்னும் மரபணு மிகுதியாகப் பழுதுற்றிருந்தது. புழுவின்றி வந்தவற்றில் பி.ஏ.பி.1, ஐ.டி.எச்.1 முதலிய வேறு மரபணுக்கள் மிகுதியாக மாறியிருந்தன. நோயின் பெயர் ஒன்றே. அதன் உள்ளமைப்போ வேறு. இப்பிழைகளில் பெரும்பாலானவை பெற்றோர் வழி வந்தவையல்ல, வாழ்நாளில் நேர்ந்தவை. ஆகவே இவற்றைக் குலத்தின் குறை என்னலாகாது. வாழ்க்கை பதித்த சுவடு என்பதே பொருந்தும்.

இதனால் பயன் என்ன என்பீர்கள். ஐ.டி.எச்.1 மாறிய பித்தநாளப் புற்றுக்கு ஐவோசிடெனிப் என்னும் மருந்தை 2021-இல் அமெரிக்கா ஏற்றது. அம்மாற்றம் அரிதாகவே காணப்படும் தாய்லாந்து உழவருக்கு அம்மருந்தால் பயன் குறைவு. ஒரு பூட்டின் திறவுகோல் மற்றொன்றைத் திறவாதன்றோ?

நம் நாட்டிலும் வேற்றுமை உண்டு. பித்தநாளத்தின் அண்டை உறுப்பாகிய பித்தப்பையில் வரும் புற்று கங்கைச் சமவெளியில் மிகுதி, தமிழகத்தில் குறைவு. நம் மக்களின் நோயை நாமே ஆராயாவிடில், பிறர்க்கென வடித்த திறவுகோலையே நாம் கையில் ஏந்தி நிற்போம். சென்னை அடையாற்றில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில், இவ்வாராய்ச்சிக்கு உங்களுள் சிலரேனும் வந்துசேர வேண்டும். இன்று நீங்கள் பயிலும் உயிரியல் பாடமே அதற்கு முதற்படி.