ஏரிக்கு வரும் வழியை அடைத்துவிட்டு போரில் தண்ணீர் தேடுவதா?

(வட்டக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரையிலிருந்து)



நிலத்தடி நீர் குறைந்தது நம்மால்தான் என்று அதிகாரிகள் மேடைக்கு மேடை பேசுகிறார்கள். இலவச மின்சாரத்தில் மோட்டாரை ஓட விடுகிறோமாம். கீழே இருந்து எடுக்கிற கணக்கை மட்டும் சொல்றாங்களே, மேலே இருந்து இறங்க வேண்டிய கணக்கை யார் சொல்வது? நாமே சொல்வோம்.

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர் தண்ணீர். பெரிய டேங்கர் லாரிக்கு மூணு லோடு. கடலில் ஆவியாகி, மேகமாகி, காசு வாங்காமல் நம்ம காட்டில் வந்து கொட்டுகிறது. அதில் ஒரு பங்கை மேல்மண் பிடித்து வைக்கும்; அது பயிருக்கும் வெயிலுக்கும் போய்விடும். ஒரு பங்கு ஓடையில் ஓடும். மிச்சம்தான் கீழே இறங்கும். பாறைப் பூமியில் பத்தில் ஒரு பங்கு இறங்கினாலே பெரிய காரியம்.

பூமிக்கு அடியில் தண்ணீர் கடல் மாதிரி கிடக்கு, ஆழமாகப் போட்டால் கிடைக்கும் என்று போர் வண்டிக்காரர் சொல்வார். அவருக்கு அடிக் கணக்கில் காசு! நம் மாநிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் கடும்பாறை. மேலே உக்கிப்போன பாறையில்தான் தண்ணீர் ஊறி நிற்கும். நம்ம பாட்டன் வெட்டிய கிணறு அந்த ஊறலில்தான் நின்றது. அதற்குக் கீழே பாறை வெடிப்பில் மட்டும்தான் தண்ணீர். அந்த வெடிப்புக்கும் மேலே இருந்துதான் இறங்க வேண்டும். மேலே காய்ந்தால் ஆயிரம் அடியிலும் புகைதான் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்னே மழை நின்று மாசி மாதம் வரைக்கும் ஓடையில் தண்ணி ஓடும். மழையே இல்லாமல் அது எங்கிருந்து வந்தது? நிலத்தடியில் நிறைந்த தண்ணீர் கசிந்து ஓடைக்கு வந்தது. இப்போ நீர்மட்டம் ஓடைத் தரைக்கு வெகு கீழே போய்விட்டது. ஓடை நமக்குக் கொடுத்தது போய், நிலம் ஓடையைக் குடிக்கிறது. அந்த ஓடையில் மணலையும் அள்ளியாகிவிட்டது. மணலில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு இடைவெளி. அதில்தான் வெள்ளம் தங்கி, மெதுவாக இறங்கும். மணல் போனால் வந்த வேகத்தில் வெள்ளமும் போகும்.

2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றார்கள். நல்லதுதான், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 900 லிட்டர் சொச்சம்தான் கிடைக்கும். ஏரியில் ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி தண்ணீர் நின்றால் 12 லட்சம் லிட்டர்! ஊருக்கே மழைநீர் சேகரிப்பு ஏரிதான். குழாய்க்குக் கெடு வைத்தவர்கள், வரத்துக் கால்வாயில் மண்ணைக் கொட்டி மனை போட்டவர்களுக்கு என்ன கெடு வைத்தார்கள்?

ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் சட்டமே வந்தது. ஆனால் அது பொதுப்பணித்துறை ஏரிகளுக்குத்தான். நூறு ஏக்கருக்குக் குறைவாகப் பாசனம் பெறும் சின்ன ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருக்கின்றன. சிறு விவசாயி நம்பியிருப்பது பெரும்பாலும் அவற்றைத்தான். மனு கொடுக்கப் போனால் ஒன்றியத்தில் வருவாய்த்துறையைக் கேள் என்கிறார்கள், அங்கே போனால் ஒன்றியத்தைக் கேள் என்கிறார்கள்.

ஆகவே நம் கோரிக்கை இதுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லா ஏரிகளின் வரத்துக் கால்வாயையும் சர்வேயர் வைத்து அளந்து கல் நட வேண்டும். அடைப்பை எடுக்க வேண்டும். வண்டலை விவசாயிக்கு அலைக்கழிக்காமல் கொடுக்க வேண்டும். வண்டல் பெயரைச் சொல்லி ஏரியைப் பள்ளமாக்கி மண் விற்பதை நிறுத்த வேண்டும். ஏழை குடிசை போட்டிருந்தால் முதலில் மாற்று இடம், பிறகுதான் அகற்றல். இதில் சங்கத்துக்கு இரண்டு கருத்து கிடையாது.

தாலுகா ஆபீஸ் முற்றுகைக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் தன் ஊர் புல வரைபட நகலோடு வர வேண்டும். கால்வாய் எந்த சர்வே நம்பரில் தொடங்கி எங்கே அடைபட்டிருக்கிறது என்று சிவப்பு மையில் கோடு போட்டுக் கொண்டு வாருங்கள்.