வந்தவரின் மொழி



மாய யதார்த்தச் சிறுகதையில் நம்ப இயலாத ஒன்று அன்றாட வாழ்வின் நடுவே வந்து நிற்கிறது. ஊராரோ வியப்பை விரைவில் மறந்து தம் வழக்கமான குணத்தையே காட்டுகின்றனர். ஆகவே அத்தகைய கதை வந்தவரைக் காட்டிலும் வரவேற்றவரையே மிகுதியும் சோதிக்கிறது. அச்சோதனை மொழியில் தொடங்குகிறது என்பதே இன்று யான் கூற விழைவது.

கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1968இல் எழுதிய கதையொன்றில், பெருஞ்சிறகுகள் உடைய முதியவர் ஒருவர் மழைச் சேற்றில் விழுந்து கிடக்கிறார். வீட்டுக்காரர் அவரைக் கோழிக்கூண்டில் அடைக்கிறார். பாதிரியார் லத்தீனில் வணக்கம் கூற, முதியவருக்கு அது விளங்கவில்லை. இறைவனின் மொழி அறியாதவர் வானவர்தாமா என்ற ஐயம் பாதிரியாருக்கு எழுகிறது. அவர் பேச்சுக்கும் அரமேய மொழிக்கும் உறவு உண்டா என்று ரோமாபுரி வினவுகிறது. இதற்கிடையே வீட்டுக்காரர் கட்டணம் வாங்கி அவரைக் காட்டி, மாடிவீடும் கட்டிவிடுகின்றனர்.

மாய யதார்த்தம் என்னும் கலைச்சொல் தமிழில் வழங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, 1943இல், புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுதினார். சென்னைத் தெருவில் கடவுள் தமிழில் வழி கேட்கிறார். மொழி தெரிந்தமையால் காப்பிக் கடைக்கும், பிறகு பிள்ளையின் வீட்டுக்கும் வழி திறக்கிறது. குழந்தை அவரோடு விளையாடுகிறது. ஆனால் கலையறிந்த பெரியவர்முன் அவர் ஆடியபோது, அவ்வாட்டம் சாத்திரத்துக்கு ஒவ்வாதது என்று தள்ளப்படுகிறது. மொழி வீட்டுக் கதவைத் திறந்தது. இலக்கணம் அரங்கின் கதவை அடைத்தது.

இச்செய்தி நமக்குப் புறம்பானதன்று. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அன்று வழங்கிய கிள்ளான் துறைமுகத்தில் வந்திறங்கியோரின் வழித்தோன்றல்கள் நம்மில் பலர். இம்மண்ணிலேயே பிறந்த நம்மையும் சிலர் 'பெண்டாத்தாங்' என்றபோது நெஞ்சம் புண்பட்டது. அச்சொல்லின் அடி 'டாத்தாங்', அதாவது 'வா' என்னும் வினை. நம்முடைய 'வந்தேறி'யும் அதே வினையில் பிறந்ததே. 'விருந்து' என்னும் சொல்லோ புதுமையைக் குறித்தது. தொல்காப்பியச் செய்யுளியல் அப்பொருளிலேயே அதனை ஆள்கிறது. புதிதாய் வந்தவரை ஏசவும் ஏற்கவும் நம்மிடம் சொல் உண்டு.

அண்மையில் பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் வங்காளதேசத்து இளைஞர் ஒருவர், "வாலை இலைச் சாப்பாடா, ஐயா?" என்று பணிவுடன் கேட்டார். எங்கள் மேசையில் சிரிப்பு எழுந்தது. ஒலியியல் கற்பித்த யானும் சிரித்தேன். நம் பிள்ளைகளுள் பலருக்கும் அந்த ழகரம் வாய்ப்பதில்லை என்பது பிறகே நினைவுக்கு வந்தது. லத்தீன் கொண்டு முதியவரை அளந்த பாதிரியாரின் இடத்தில் அன்று யான் இருந்தேன்.

அடுத்த முறை சென்றபோது, வங்காளத்தில் வாழை இலைக்கு என்ன பெயர் என்று அவரிடமே கேட்டேன். "கொலா பாத்தா" என்றார். யான் சொல்லிப் பார்த்தேன். இம்முறை சிரித்தவர் அவர்.