பருத்தி வயலும் புலியும்

பிழைப்பை நாடி விதர்ப்பத்தில் குடியேறிய நமக்கு யவத்மாள் மாவட்டம் அயலாகத் தோன்றாது; அதன் கரிசல் மண் கோவில்பட்டியை நினைவூட்டும். இங்கு விளைந்த பஞ்சை ஏற்றிச் செல்லவே ஆங்கிலேயர் காலத்தில் மூர்த்திஜாப்பூர் வரை குறுகிய இருப்புப்பாதை போடப்பட்டது.

இம்மாவட்டத்துத் திப்பேஷ்வர் சரணாலயத்தில் பிறந்த ஆண்புலி ஒன்று, 2019ஆம் ஆண்டு புறப்பட்டு, 3,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, புல்டாணா மாவட்டத்து ஞானகங்கைக் காட்டை அடைந்தது. பருத்திச் செடி புலிக்கு மறைவிடம். பஞ்செடுக்கும் பெண்டிர்க்கோ அம்மறைவே அச்சம். பதின்மூவரைக் கொன்றதாகக் கூறப்பட்ட பெண்புலியொன்று 2018இல் இம்மாவட்டத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டது.

உழவர் பொறுத்திருப்பதாலன்றோ காடும் புலியும் நிலைக்கின்றன? ஆகவே, காடு காணச் செல்லும் நாம், வழியோர வயல்களில் பஞ்செடுப்போரிடமும் இரண்டு சொல் அன்பாகப் பேசித் திரும்புவோமாக.