தீவுகளுக்குப் போனோம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இலண்டன், ரொறன்ரோ, கொழும்பு என்று பல இடங்களிலிருந்தும் வந்த நாங்கள் பதினொரு பேர், விழாவுக்கு முந்திய இரண்டு நாட்களைத் தீவுப்பகுதியில் கழித்தோம். அதைப் பற்றிச் சொல்லும்படி சங்கத்தார் கேட்டார்கள்.

முதலில் எங்கள் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்களில் சிலர் துருக்கிவரை சுற்றுலாப் போனவர்கள். இஸ்தான்புல்லில் ஆயா சோபியாவினுள்ளே பழைய கிறிஸ்தவ ஓவியங்களும் அரபு எழுத்துகளும் ஒரே கூரையின்கீழ் இருப்பதைக் கண்டு வியந்து, படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம். ஆனால் பண்ணைப் பாலத்தைக் கடந்து நெடுந்தீவுக்கு ஒருநாளும் போனதில்லை. விடுதியில் எங்களோடு படுத்தெழும்பிய பிள்ளைகளைத் "தீவார்" என்று பகிடி பண்ணினோம். அவர்கள் கொண்டுவந்த புழுக்கொடியலையும் பனாட்டையும் மட்டும் பங்குபோட்டுத் தின்றோம்.

அந்தப் பகிடிக்கு ஆளான இருவர்தான் இம்முறை எங்களைக் கூட்டிச் சென்றார்கள். ஒருவர் நெடுந்தீவு, மற்றவர் ஊர்காவற்றுறை.

புங்குடுதீவு வழியெங்கும் கூரையில்லாத கல்வீடுகள். 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்தவர்களில் பலர் திரும்பவேயில்லை. குறிகட்டுவானில் படகேறி ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற்பயணம். நெடுந்தீவுத் தோழி அவ்வளவு நேரமும் வாய் திறக்கவில்லை. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் போனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டது இதே கடலில்தான். அதை நினைத்ததும் எங்கள் அரட்டையும் நின்றுபோனது.

கரையிறங்கியதும் அவர் பழையபடி கலகலப்பாகிவிட்டார். சாந்து இல்லாமல் பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய மதில்கள், புறாக்கூடு, வெட்டவெளியில் மேயும் மட்டக்குதிரைகள் எல்லாவற்றையும் காட்டினார். ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரைகளின் சந்ததி இவை. ஆபிரிக்காவுக்குரிய பெருக்குமரத்தின் பொந்துக்குள் நின்று படம் எடுத்தோம். ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும், வேலணைத் தீவுக்கு லைடன் என்றும் தங்கள் நகரங்களின் பெயரை வைத்தார்கள். எங்களில் ஒருத்தி அந்த டெல்ஃப்ட் நகருக்குப் போய் நீலப் பீங்கான் வாங்கி வந்தவள்!

மறுநாள் நயினாதீவு. நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சிறிது தூரம் நடந்தால் நாகதீப விகாரை. அம்மன் கோவிலில் உள்ள கல்வெட்டொன்றுதான் எங்களை நிற்கவைத்தது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. சிங்கள மன்னன், ஆனால் கட்டளை தமிழில். கப்பலில் வருகிறவர்களுக்கு விளங்கவேண்டும் அல்லவா? வெளிதேசத்து வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு பண்டம் ஏற்றிவந்த கப்பல் என்றால் சரிபாதி. யானையிலும் குதிரையிலும் மன்னனுக்கு அவ்வளவு ஆசை. கடலில் எல்லாவற்றையும் இழந்து கரையேறுகிறவனுக்கும் பங்கு உண்டு என்று எழுதிவைத்த ஊர் இது. வெளிதேசத்தாராகிப்போன எங்களுக்கு அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஊராத்துறை என்பது ஊர்காவற்றுறைதான். ஆகவே அன்று பின்னேரமே அங்கே போனோம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யானைகளை ஏற்றுமதி செய்த துறைமுகம். இறங்குதுறையில் நின்றால் கடலுக்கு நடுவே கடற்கோட்டை. இலங்கையைப் பன்றித் தொடைபோலக் கண்ட ஒல்லாந்தர், அதன் குதிக்கால் இது என்று ஹாமன்ஹீல் என்றார்களாம். (பசியோடு வரைபடம் பார்த்திருப்பார்கள்போல.)

"இவ்வளவும் இங்கே இருக்கிறதை ஏன் எங்களுக்கு அந்தநாளிலே சொல்லவில்லை?" என்று ஊர்காவற்றுறைத் தோழியிடம் கேட்டோம்.

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

காரைநகருக்குப் போகப் பாதையில் ஏறினோம். அது அக்கரை சேரும்வரை அவர் ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டே வந்தார்: தகப்பனாரின் வள்ளம் கட்டியிருந்த இடம், லீவு முடிந்து விடுதிக்கு வரும்போது தாயார் நின்று கைகாட்டும் இடம். இம்முறை நாங்கள் கேட்டுக்கொண்டு வந்தோம்.